மெழுகு பிடித்த எஞ்சின்

மார்ச் 2, திங்கள்

அண்ணன் வீட்டில் பரணை ஒழித்தார்கள். அந்தப் பழைய பொம்மை ரயில் எஞ்சினை என்னிடம் நீட்டி, "நீ கெடுத்தது, நீயே வெச்சுக்கோ" என்றான். ஆறு வயதில் நான் கெடுத்தேனாம். அன்றிலிருந்து மிக்ஸி நின்றாலும் டிவி நின்றாலும், "இவ தொட்டாளா?"தான். ஊருக்கெல்லாம் பல்செட் செய்கிறேன். அண்ணன் வாயில் இருக்கும் கீழ்வரிசைகூட என் கைவேலைதான். அதெல்லாம் கணக்கில் வராது!

ஞாயிறு எல்லோரும் அங்கே கூடுகிறோம். ஓட்டிக் காட்டுகிறேன், இல்லையென்றால் இனி உன் வீட்டில் ஒரு சுவிட்சைக்கூடத் தொடமாட்டேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். கொடுத்தால் என்ன, ஓட்டிக் காட்டுவேன்.

மார்ச் 4

மேல்மூடியைக் கழற்றினேன். சக்கரம் அசையவே இல்லை. பல்சக்கரங்களுக்கு நடுவே சிவப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "துருவா இருக்கும்" என்றார்.

துருவாவது! பல்செட் அச்சுக்காக நாள் முழுக்க மெழுகோடு மாரடிக்கிறவளிடமா? சுரண்டி மோந்து பார்த்தேன். மெழுகுவர்த்தி மெழுகு. யாரோ உருக்கி ஊற்றியிருக்கிறார்கள், அது இறுகி எஞ்சினை நிறுத்தியிருக்கிறது.

யார்? நானா? ஆறு வயதுப் பிள்ளையை நெருப்புப் பெட்டி பக்கம் யார் விட்டிருப்பார்கள்? ஆனாலும் — ஒன்றுமே ஞாபகம் இல்லையே. ஒருவேளை நான்தானோ? சே. "ஆமா, துருதான்" என்று அவரை அனுப்பிவைத்தேன். யாரிடமும் மூச்சு விடப்போவதில்லை.

மார்ச் 5

மோட்டாரைக் கழற்றிவிட்டு, மீதியைச் சுடுதண்ணீரில் போட்டு மெழுகை எல்லாம் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தாயிற்று. பல்சக்கரத்தில் ஒரு பல்கூடப் போகவில்லை. மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் கார்பன் துண்டுதான் தேய்ந்திருந்தது. எங்கள் பல்செட் லேபில் கழித்துப்போட்ட மோட்டாரிலிருந்து ஒன்றை எடுத்து, ராவிப் பொருத்தினேன்.

மார்ச் 6

ஓடியது!

பின்பக்கமாக.

காந்தத்தை மாற்றி வைத்துத் தொலைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "உன்ன மாதிரியே இருக்கு. சொன்னதுக்கு நேரெதிரா போகுது." இருக்கட்டும், பேசிக்கொள்கிறேன்.

மார்ச் 7

காந்தத்தைத் திருப்பினேன். இப்போது சொன்ன பக்கம் போகிறது.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் வீட்டுக் கூடத்தில் தண்டவாளம் போட்டு ஓட்டினேன். ஓடு ஓடென்று ஓடியது. அண்ணன் வேட்டியை மடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது.

வளைவில் மட்டும் கீச்சென்றது. நான் எண்ணெய் எடுக்கப் போனேன்.

"எண்ணெய் வேணாம்டி" என்றான் அண்ணன். " சின்ன வயசுல நான் ஊத்தின மாதிரி கொஞ்சம் மெழுகு உருக்கி ஊத்து. சும்மா வழுக்கிட்டுப் போகும்."

"நீங்க ஊத்தின மாதிரியா?" என்றாள் அண்ணி.

பையிலிருந்து அந்த மெழுகு டப்பாவை எடுத்து அவன் முன்னால் திறந்து வைத்தேன். பார்த்தான். திறந்த வாய் மூடவே இல்லை. கீழ்வரிசை முழுக்கத் தெரிந்தது. நன்றாகத்தான் செய்திருக்கிறேன்.

மார்ச் 9

காலையில் அண்ணன் போன். மிக்ஸி நின்றுவிட்டதாம். "நீ வந்து கொஞ்சம் தொட்டுப் பாரேன்" என்றான்.