தமிழ்த் தொலைக்காட்சியில் ஒரு பிரெஞ்சுக் கூட்டம்

செவ்வாய், பெப்ரவரி 11

இருபது வருடம் தமிழ் நிகழ்ச்சிகள் தயாரித்தேன். இந்தப் புலம்பெயர் தமிழ்த் தொலைக்காட்சிக்குத் தலைமைப் பணிப்பாளராகி மூன்று மாதம், தமிழில் ஒரு கூட்டம்கூட நடத்தவில்லை. இன்றும் அதே கதைதான். மேசையைச் சுற்றி ஆறு தமிழர். ஏழாவது ஆள், நான் பொறுப்பேற்ற அதே வாரம் படத்தொகுப்புக்கு வந்த பிரெஞ்சுக்காரப் பிள்ளை மரி. அவளுக்கு விளங்காதே என்று எல்லோரும் பிரெஞ்சுக்கு மாறிவிடுகிறோம். சிறுவர் நிகழ்ச்சியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினோம். பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவதில்லை என்று பிரெஞ்சிலேயே குறைபட்டுக்கொண்டோம்.

எனக்கு மரி மேல்தான் எரிச்சல். கூட்டம் முடிந்ததும் கமராக்கார சிவம் அண்ணையிடம் புறுபுறுத்தேன்.

"இந்தப் பிள்ளையால எங்கட இடத்திலயே தமிழ் கதைக்க ஏலாமல் கிடக்கு, அண்ணை."

பின்னால் குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள் மரி.

"எனக்கு விளங்கும், அக்கா," என்றாள் தமிழில். "என்ர மனுசன் மட்டக்களப்பு ஆள். வீட்டில மாமியோட தமிழ்தான். இஞ்ச ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை."

சிவம் அண்ணை ஜன்னல் பக்கம் திரும்பி, பனி கொட்டுவதைப் பார்த்தார். நான் உடனே மன்னிப்புக் கேட்டேன்.

மெட்ரோவில் வரும்போதுதான் உறைத்தது. அதையும் பிரெஞ்சில்தான் கேட்டிருக்கிறேன்.