கொம்போடதான் போறேன்

என்னங்க,

சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. பதினோரு மணிக்கு பிளம்பர் வருவார், ஒழுகுற குழாயைக் காட்டுங்க.

"நாற்பது வயசுல அரக்கி வேஷமா? ஜப்பான் கார்ட்டூன் வேஷம் போடுற அந்த அனிமே மாநாட்டுக்குப் போறதுன்னா அங்க போய் மாட்டிக்கோ, அக்கம்பக்கம் சிரிக்கும்"னு நேத்து குதிச்சீங்க. வேஷத்தை இங்கேயே மாட்டிக்கிட்டேன். கொம்பு லிஃப்ட்ல நுழையல. அதனால நாலு மாடியும் படியிலதான் இறங்கப் போறேன். எல்லாரும் நல்லா பார்க்கட்டும்!

உங்க யோகா பாயைத் தேடாதீங்க. வெட்டித் தோள் கவசம் பண்ணிட்டேன்.

சொல்ல மறந்துட்டேன்: முதுகு ஜிப் எனக்கு எட்டல. உங்க அம்மாதான் இழுத்து விட்டாங்க. வால் படியில இழுபடக் கூடாதுன்னு அதைப் பிடிச்சுக்கிட்டு அவங்களும் கூடவே வர்றாங்க. அவங்க தலையிலயும் சின்னதா ரெண்டு கொம்பு.