தீயணைப்பு நிலையத்துக்கு எத்தனை மார்க்?

2 ஒக்டோபர் 2025, வியாழன்

வீட்டு இன்சூரன்ஸ் ஒரேயடியாக ஏறிவிட்டது. அதை எங்களுக்கு எடுத்துத் தருபவர் அப்பாவின் கூட்டாளி ரதீசன் மாமா. இன்று வந்து காரணம் சொன்னார். "உங்கட பக்கத்து பயர் ஸ்டேஷனுக்கு மார்க் குறைவாம், மச்சான்."

அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்ற எழுந்தார். அவருடைய கோப்பை நிறைந்துதான் இருந்தது.

3 ஒக்டோபர், வெள்ளி

தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தரம் போடுகிறார்கள்; தரம் குறைந்தால் அங்குள்ள வீடுகளுக்கு இன்சூரன்ஸ் கூடலாம். இங்கேயும் பரிசோதகர்கள் தரம் போடுகிறார்கள், ஆனால் லண்டன் முழுவதற்கும் ஒன்றாக. அப்படியென்றால் அதே லண்டனில், டூட்டிங்கில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஏன் ஏறவில்லை?

மாமா பொய் சொல்கிறார். எதற்கு?

சாம்பிராணி மணக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா கதிரையில் ஏறி, குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பியைப் புகை அலாரத்துக்கு மாட்டிவிடுவார். "பிறகு கழட்ட மறக்காதை!" என்று அப்பா கத்துவார். இன்றும் கத்தினார்.

4 ஒக்டோபர், சனி

அப்பாவிடம் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. "எங்களிட்டையே கொமிஷன் அடிக்கிறானோ? அகதியா வந்த காலத்திலை ஒரே அறையிலை படுத்தெழும்பினனாங்கள்..."

மாமாவின் அழைப்பு வந்தது. அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை.

அம்மா என்னிடம்: "உனக்குப் படிக்க வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

7 ஒக்டோபர், செவ்வாய்

அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அம்மாவும் எதையோ மறைக்கிறாரா?

10 ஒக்டோபர், வெள்ளி

ஞாயிறு கோயிலில் எல்லாருக்கும் முன்னால் மாமாவைக் கேட்கப்போகிறாராம் அப்பா.

அம்மாவுக்கு முழங்கால் வலி. தொப்பி மாட்ட நான் கதிரையில் ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் — வீட்டுச் சீலிங் எல்லாம் சாம்பிராணிப் புகையில் பழுப்பு, குசினியில் அடுப்புக்கு மேலே மட்டும் புதிதாய்ப் பூசிய பளிச்சென்ற வெள்ளை.

"அம்மா, இஞ்சை ஏதும் பத்தினதோ?"

சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்தார். "நீங்கள் ரெண்டுபேரும் ஓகஸ்ற்றிலை யாழ்ப்பாணத்திலை நிக்கேக்கை வடை சுட்டனான். எண்ணெய் பத்தீட்டுது. அலாரம் அடிக்கேல்லை. தொப்பி கழட்ட மறந்துபோனன், பிள்ளை. இன்சூரன்ஸ்தான் திருத்தித் தந்தது. அதாலைதான் இப்ப ஏத்தியிருக்கிறாங்கள். அப்பாட்டைச் சொல்லவேண்டாமெண்டு ரதீசன் அண்ணையைக் கெஞ்சினது நான்தான்."

நான் தொப்பியை மாட்டாமல் இறங்கினேன்.

12 ஒக்டோபர், ஞாயிறு

விம்பிள்டன் கோயில் வாசல். செருப்புக் கழற்றும் இடத்தில் மாமா. அப்பா நேரே அவரிடம் நடந்தார்.

"இஞ்சருங்கோ, நில்லுங்கோ," என்றார் அம்மா. அங்கேயே, செருப்புகளுக்கு நடுவே, எல்லாம் சொன்னார்.

அப்பா மாமாவைப் பார்த்து, "நீ ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?"

"தங்கச்சி கேட்டவ. பாவம் ஸ்டேஷன்காரர், பழியை அவையின்ரை தலையிலை போட்டுட்டன்."

17 ஒக்டோபர், வெள்ளி

சாம்பிராணி. தொப்பி குளியலறையிலேயே கிடந்தது. அலாரம் வீடே அதிர அலறியது. அப்பா கீழே நின்று துவாயால் விசிறினார்.

சாப்பிட வந்திருந்த ரதீசன் மாமா, காதைப் பொத்திக்கொண்டு என்னைக் கேட்டார்: "எப்பிடிப் பிள்ளை, இந்த வீட்டுக்கு எத்தினை மார்க்?"

அம்மா ஜன்னலைத் திறந்தார்.