ஊமையாற்றுப் பாலமும் மார்ச் முப்பத்தொன்றும்

அனுப்புநர்:
தீ. பாஞ்சாலை,
க/பெ தீர்த்தகிரி,
நெல்லிமரத்தூர், சவ்வாது மலை,
போளூர் வட்டம், வட ஆற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
பாராளுமன்ற மதிப்பீட்டுக் குழு,
புது தில்லி.

பொருள்: செலவாகாத அரசுப் பணம் மார்ச் 31-ல் திரும்பிப் போகும் விதியை மலைக் கிராம வேலைகளுக்காவது மாற்றக் கோருதல், எங்கள் ஊர்ப் பாலம் கட்டி முடிந்த சேதியைத் தெரிவித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் நல்ல சேதி. ஊமையாற்றின் மேல் பாலம் நிற்கிறது. சென்ற ஐப்பசியில் ஆறு இரு கரையும் புரண்டு ஓடிய நாளில், இடுப்பு வலியோடு மாட்டு வண்டியில் அதைக் கடந்தேன். போளூர் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். இப்போது மடியில் தூங்குகிறாள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. இந்தப் பாலத்துக்கென்று இதற்கு முன்பே இரண்டு முறை பணம் ஒதுக்கப்பட்டது. இரண்டு முறையும் வந்த வழியே திரும்பிப் போனது. தாங்கள் தில்லியில் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றி, அது சென்னைக்கும் வேலூருக்கும் இறங்கி, பிறகு எங்கள் மலை ஏறி வருவதற்குள் மாசி பிறந்துவிடுகிறது. ஆனி முதல் கார்த்திகை வரை மழை. ஆற்றில் கடைக்கால் தோண்ட முடியாது. தை முதல் வைகாசி வரைதான் எங்களுக்கு வேலைக்காலம். அதன் நட்டநடுவில் மார்ச் 31 வந்து குறுக்கே படுத்துக்கொள்கிறது.

3. 1983-ல் பணம் திரும்பிப் போன அதே ஆண்டு ஐப்பசியில், டோலியில் தூக்கி வந்த என்னை ஆறு மறித்தது. என் முதல் பிள்ளை இக்கரையிலேயே பிறந்து இக்கரையிலேயே போய்விட்டான். இதற்காக எந்த மனிதர் மீதும் நான் புகார் சொல்லவில்லை. “மார்ச்சு முடிஞ்சிபோச்சிம்மா, பணம் திரும்பிப் போய்ட்ச்சி, நான் இன்னா பண்றது” என்று சொன்ன ஓவர்சியரே கண் கலங்கினார். என் புகார் விதியின் மீதுதான்.

4. எங்கள் ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டர் கோபால்சாமி சென்ற ஆண்டு ஊர்க் கூட்டத்தில் கேட்டார்: “வூட்ல மிஞ்சின சாமைய, சித்திர பொறந்துட்ச்சின்னு யாராச்சும் கொட்டிடுவாங்களா?” எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. ஆணை வரும்வரை காத்திருந்தால் இந்த முறையும் கோட்டை விடுவோம், ஆணைக்கு முன்பே கல் சேர்ப்போம் என்றேன். சிலர் சிரித்தார்கள். ஆனாலும் தை பிறந்ததும் புளி உலுக்கப் போனவர்கள் எல்லாம் தினமும் திரும்பும்போது ஆளுக்கொரு கல் கொண்டு வந்தார்கள். சிரித்தவர்கள் கொண்டு வந்த கற்கள்தான் பெரியவை.

5. ஆணை மார்ச் முதல் வாரத்தில் வந்தது. நாள் போதாது என்று சொல்லிவிட்டுப் போகவே காண்டிராக்டர் வந்தார். இரு கரையிலும் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்த கல்லைப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, சிமெண்டுக்குப் போளூருக்கு ஆள் அனுப்பினார். மாரியம்மன் திருவிழாவைத் தள்ளி வைத்துவிட்டு ஊரே ஆற்றில் இறங்கியது. மார்ச் முடிவதற்குள் ஓவர்சியர் பாலத்தை அளந்து கையெழுத்திட்டார். அன்று அடித்த பறை காவலூர் வரை கேட்டிருக்கும். நான் பாலத்தின் நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், ஐயா. வென்ற அழுகை அது.

6. ஆணைக்கு முன் சேர்த்த கல்லுக்குக் கூலி தர விதியில் இடமில்லையாம். அந்தத் தொகையும் வழக்கம்போல் திரும்பிப் போனது. போகட்டும், எங்களுக்குக் கூலி வேண்டாம். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்:

அ) தொடங்கிய வேலைக்கான பணம், அந்த வேலைக்காலம் முடியும்வரையாவது எங்களிடம் இருக்க வேண்டும். மழை வரும் மாதத்தைத் தில்லியால் மாற்ற முடியாது. கணக்கு முடிக்கும் தேதியை மாற்ற முடியும்.

ஆ) அடுத்த ஆண்டுச் செலவுக்கு உறுப்பினர்கள் கை தூக்குவதற்கு முன், சென்ற ஆண்டு எந்த ஊரின் எந்த வேலை பணம் இருந்தும் நின்றது என்று அவையில் வாய்விட்டு வாசிக்க வேண்டும். கேட்டபின் தூக்கும் கை கொஞ்சம் யோசித்துத் தூக்கும்.

7. ஆற்றின் மேல்போக்கில் காட்டுக்கொல்லை என்ற ஊர் இருக்கிறது. அதற்கும் பாலம் இல்லை. வருகிற தையில் அங்கே மூன்று கல்யாணம். அடுத்த ஐப்பசியில் ஆறு எப்படி ஓடும், அப்போது யாருக்கு அவசரம் வரும் என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரும் அவர்களும் சேர்ந்து இப்போதே கல் சுமக்கத் தொடங்கிவிட்டோம். எங்கள் பங்கு கரையில் குவிந்துகொண்டிருக்கிறது. தங்கள் பங்கையும் மார்ச் 31 வந்து மறிக்காதபடி செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: நெல்லிமரத்தூர்
நாள்: 24-11-1985

இப்படிக்கு,
பிள்ளையோடு பாலம் கடந்து ஊர் திரும்பிய,
தீ. பாஞ்சாலை