கவோரின் கறுப்பு வைன்

கவோர்,
28 ஆகஸ்ட் 2012

அன்புத் தங்கச்சி புனிதவதிக்கு,

லா சப்பல்ல நீயும் உன் வீட்டுக்காரரும் யசோதினியும் சுகமா இருக்கணும்னு மாதாவை வேண்டிக்கிட்டு எழுதுறேன். எனக்குக் காது இப்ப ரொம்ப மந்தம். போன்ல நீ பேசுறது பாதி காத்துல போவுது. அதனால பழையபடி கடுதாசிதான்.

சேதி நல்லதில்ல. போன வாரம் என் லூசியன் திராட்சைக் கொடிங்களுக்கு நடுவுல விழுந்துட்டார். மூளையில ரத்த அடைப்பாம். உயிருக்குப் பயமில்லன்னு டாக்டர் சொல்றார். ஆனா வலது கை எழும்பல, பேச்சும் வரல.

நீ இந்தப் பக்கம் வந்ததே இல்லையே. லொத் ஆறு இங்க வளைஞ்சு வளைஞ்சு போவுது, ஒவ்வொரு வளைவுலயும் மல்பெக்னு ஒரு ஜாதி திராட்சைக் கொடி. எங்க வைனைக் கறுப்பு வைன்னுதான் சொல்வாங்க. கிளாஸ்ல ஊத்தினா அந்தப் பக்கம் இருக்கிற விரல் தெரியாது. ஒரு வாய் குடிச்சா சாப்பிட்ட மாதிரி இருக்கும், நாக்கை இறுக்கும். வருஷக்கணக்கா வெச்சாத்தான் இளகும். எங்க தோட்டம் கல்லு மேட்டுல இருக்கு. மெஷின் ஏறாது, கையாலதான் பறிக்கணும். வழக்கமா வர்ற ஆளுங்களை லூசியன்தான் கூப்பிடுவார். இந்த வருஷம் அவர் கூப்பிடாததால அவங்க வேற இடத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. பக்கத்துக்காரங்களுக்கும் இதே சமயத்துலதான் அறுவடை. செப்டம்பர் கடைசியில பழுத்துடும். பறவைங்க தின்னுட்டுப் போகட்டும்னு விட்டுடலாம்னு இருக்கேன்.

உதவி கேட்டு எழுதல. சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்.

உன் அக்கா
மேரிறோஸ்


லா சப்பல், பரிஸ்
4 செப்ரெம்பர் 2012

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கண்டு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. லூசியன் அண்ணைக்குப் பிள்ளையார் கோவிலில் அர்ச்சனை செய்தேன். அவர் மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர் என்றாலும் பிள்ளையார் கோவிக்கமாட்டார்.

பறவை தின்னட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் எதுக்கு இருக்கிறம் அக்கா? வெள்ளிக்கிழமை பூசை முடிய அங்கே நின்ற சனத்தோடு கதைத்தேன். பிளவுஸ் தைக்கிற திலகம் அக்காவை உங்களுக்குத் தெரியும்தானே, முதல் ஆளாக "நான் வாறன்" என்றா. பிறகு ஒவ்வொருவராகக் கை தூக்க ஒரு வான் நிறைய ஆள் சேர்ந்துவிட்டது. யசோதினிக்கும் கம்பஸ் தொடங்க நாள் இருக்கிறது.

இதைக் கைம்மாறு என்று நினைக்காதேயுங்கோ. நீங்கள் பரிஸில் இருக்க, நாங்கள் எதிரெதிர்க் கதவாக இருந்த காலத்தில், எனக்கு ஒரு சொல்லும் பிரெஞ்சு தெரியாத நேரம், யசோதினி பிறக்க என்னோடு ஆஸ்பத்திரியில் நின்றது நீங்கள். பிறகு இவர் குடித்துவிட்டு வந்து கத்தும்போதெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் தட்டினது உங்கட கதவைத்தான். ஏன் என்று ஒருக்காலும் கேட்டதில்லை. தேத்தண்ணி வைத்துத் தந்தீர்கள். அதை எதாலும் தீர்க்க முடியாது, தீர்க்கவும் நான் விரும்பவில்லை.

ஒன்றுதான் மனதை அரிக்கிறது. இவரும் வரப்போறாராம். ஈரல் வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பினதிலிருந்து இவர் ஒரு துளி தொடவில்லை, உங்களுக்குத் தெரியும். "ஞானம், அங்கை போத்தல் இல்லை, தொட்டி தொட்டியா நிக்கும்" என்றேன். "தெரியும்" என்றார். "தெரிஞ்சுமோ?" என்றேன். "பழம் புடுங்கத்தானே போறன்" என்றுவிட்டுச் சாரத்தை மடித்துப் பைக்குள் வைக்கத் தொடங்கிவிட்டார். எனக்குப் பயம் அக்கா. நீங்கள் வேண்டாம் என்று எழுதினால் அதைக் காட்டி மறித்துவிடுவேன்.

உங்கட
புனிதா


கவோர்,
10 செப்டம்பர் 2012

புனிதா,

படிச்சிட்டு சமையல்கட்டுல உக்காந்து அழுதேன். வாங்க, எல்லாரும் வாங்க. பேரும் பிறந்த தேதியும் அனுப்பு, முறைப்படி பதிஞ்சு எல்லாருக்கும் கூலி குடுப்பேன். வேணாம்னு சொன்னா வேனைத் திருப்பி அனுப்பிடுவேன்.

ஞானசுந்தரமும் வரட்டும். மேட்டுல பறிக்கிற வேலை குடுக்கிறேன், காத்தோட்டமா இருக்கும். வைன் கிடங்கைப் பூட்டி வெச்சுடுறேன்.

இங்க கடையில நம்ம அரிசி கிடைக்காது. நிறையக் கொண்டு வா.

மேரிறோஸ்


லா சப்பல், பரிஸ்
14 ஒக்ரோபர் 2012

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். கையில் ஏறின கறுப்பு இன்னும் போகவில்லை. மெற்றோவில் சனம் என் நகத்தைப் பார்க்குது. எனக்கு வெட்கமாக இல்லை, பெருமையாகத்தான் இருக்கிறது.

திலகம் அக்கா கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் உங்கட தோட்டத்தைப் பற்றித்தான் சொல்லுறா. புருசன்ற களிசானைப் போட்டுக்கொண்டு மேட்டில் நின்று பழம் ஒன்றை வாயில் போட்டு, "இவ்வளவு இனிப்பான சாமானை ஏன் இவங்கள் பழுதாக்கிறாங்கள்?" என்று கேட்டாவே, அதை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா. கடைசி நாள் லூசியன் அண்ணையை ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் கூட்டி வந்தீர்கள். அவர் ஒவ்வொருவருடைய கையையும் இடது கையால் பிடித்துப் பிடித்து விட்டார். என்ர முறை வந்தபோது நான் கும்பிட்டேன். அவரும் கும்பிடப் பார்த்தார், ஒரு கைதான் எழும்பியது.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன புதன்கிழமை இவரை மேட்டில் காணவில்லை. தேடிக் கீழே இறங்கி வந்தேன். கிடங்குக் கதவு திறந்து கிடந்தது. ஏணியில் நின்றார். தொட்டிக்குள் நீளத் தடியை விட்டு அமுக்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் என்ன பார்ப்பேனோ என்ற பயத்தில் திரும்பி மேலே போய்விட்டேன்.

வந்த பிறகு நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவரில் மணமும் இல்லை. ஆனால் அங்கே எல்லோரிலும் அந்த மணம்தானே. குடித்திருந்தால் சொல்லுங்கோ. நான் தாங்குவேன். தெரியாமல் இருக்கிறதைத்தான் தாங்க முடியவில்லை.

உங்கட
புனிதா


கவோர்,
5 நவம்பர் 2012

என் புனிதா,

சாவியைக் குடுத்தது நான்தான். உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், மன்னிச்சுக்கோ.

கிடங்கு வேலை பார்க்க வந்த பையனுக்கு மறுநாளே முதுகு பிடிச்சுக்கிச்சு. பழம் தொட்டியில புளிச்சுக் கொதிக்கிறப்ப தோலெல்லாம் மேல வந்து கெட்டியா மூடிக்கும். அதைக் காலையிலயும் சாயங்காலமும் தடியால கீழ அமுக்கணும். விட்டா மொத்தமும் காடியாயிடும். எங்க வைனோட நிறமும் கனமும் அந்தத் தோல்லதான் இருக்கு. என் கைக்கு அந்த பலம் இல்ல. உன் வீட்டுக்காரர்கிட்டப் போய், "முடியுமா தம்பி? முடியாதுன்னா கோச்சுக்க மாட்டேன்"னு கேட்டேன். கையிலிருந்த கூடையைக் கீழ இறக்கி வெச்சார். அப்புறம், "கதவைத் திறந்து வையுங்கோ அக்கா, நான் செய்யிறன்"னார்.

செஞ்சார். ருசி பார்க்கணும்னா சின்ன டம்ளர்ல எடுத்து, கையை நீட்டித் தூரமாப் பிடிச்சுக்கிட்டு என்கிட்டக் கொண்டு வருவார். நான் பார்த்துச் சொல்வேன். அவர் நாக்குல ஒரு துளி படல. இதை நான் மாதா மேல சத்தியம் பண்ணிச் சொல்றேன்.

சுலபமா இருந்துச்சுன்னு நினைக்காத. ஒரு சாயங்காலம் படியில உக்காந்துட்டார். "இண்டைக்கு எனக்கு ஏலாது அக்கா. நான் உள்ளுக்குப் போனால் வெளியிலை வரமாட்டன்"னார். சரின்னு மேட்டுக்கு அனுப்பிட்டு, எனக்கு முடிஞ்ச மட்டும் நானே அமுக்கினேன். காலையில அவரே வந்து சாவி கேட்டார். அன்னைக்கு நான் பயந்தேன், ஆனாலும் குடுத்தேன்.

அந்த வைன் இப்ப பீப்பாயில இருக்கு. முரட்டு வைன், நல்லா வரும். உங்க எல்லாராலயும் வந்தது.

லூசியன் வீட்டுக்கு வந்துட்டார். கொஞ்சம் கொஞ்சமாப் பேச்சு வருது. ஆனா அந்தக் கையால இனிமே கத்தரி பிடிக்க முடியாதுங்கிறாங்க. தை மாசத்துல கவாத்து ஆரம்பிக்கணும், கிளையெல்லாம் வெட்டிவிட்டாத்தான் அடுத்த வருஷம் காய்ப்பு. யாரை வெக்கலாம்னு கேட்டேன். முக்கி முக்கி ஒரு வார்த்தை சொன்னார்: "ஞானா."

தோட்டத்து ஓரத்துல சின்ன வீடு காலியா இருக்கு. நிரந்தர வேலைதான். அவர் மட்டும் வந்தாலும் சரி, கொஞ்ச நாள் கழிச்சு நீயும் வந்தாலும் சரி. எங்க ரெண்டு பேருக்கும் இனிமே யாரும் இல்ல. வேணாம்னா ஒரு வரி எழுதிப்போடு. அதுக்காக உன் மேல இருக்கிற பாசம் குறையாது.

மேரிறோஸ்


லா சப்பல், பரிஸ்
8 ஜனவரி 2013

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இவ்வளவு பிந்தினதுக்குக் கோவிக்காதேயுங்கோ. உங்கட கடிதத்தைக் கன நாள் அலுமாரிக்குள் சீலைகளுக்குக் கீழே வைத்திருந்தேன். கடைசியில் இவரிடமே கொடுத்தேன்.

வாசித்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. குசினி யன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வரும்போது கையில் ஒரு கம்பளித் தொப்பியும் தடித்த கையுறையும். "அங்கை இப்ப நல்ல குளிராம்" என்றார். போகட்டோ என்று கேட்கக்கூட இல்லை. பிறகு என்ர முகத்தைப் பார்த்து, "நீ வேண்டாமெண்டால் விடுறன்" என்றார்.

"இஞ்சை ரெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவுற வேலை இருக்குத்தானே" என்றேன்.

"இருக்கு. போத்தல் நிக்கிற பார் மேசையைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும் வீட்டை வாறன். உனக்குச் சொன்னால் நீ பயப்பிடுவாய் எண்டு சொல்லுறேல்லை."

"அங்கை ஏலாத நாள் வந்தால்?"

"சொல்லுவன். அங்கை எனக்குச் சொல்லக்கூடியதா இருந்தது."

யசோதினி அறைக்குள் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே வந்து, அப்பாவைப் போகவிடுங்கோ என்று பிரெஞ்சில் சொன்னாள். சொல்லிவிட்டு அவருடைய தோளில் சாய்ந்தாள். சின்ன வயதில் அவர் வரும் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போகிற பிள்ளை, அக்கா. அதைப் பார்த்த பிறகு எனக்கு மறிக்க வாய் வரவில்லை.

எனக்கு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றித் தந்தது நீங்கள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். இப்போது ஒரு மனிசனையும் திருப்பித் தந்திருக்கிறீர்கள். இதற்கு எப்படி நன்றி எழுதுவது என்று தெரியாமல்தான் கடதாசி பல கிழிந்தது. யசோதினியின் படிப்பு கோடையில் முடிகிறது. அதன் பிறகு நானும் வருவேன்.

இவரைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கோ என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எழுதவில்லை.

திங்கட்கிழமை பொங்கல். பொங்கிச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை ஓஸ்ரர்லிட்ஸ் ஸ்ரேசனில் ரயில் ஏறுகிறார். பின்னேரம் கவோரில் இறங்குவார். லூசியன் அண்ணையைத் தனிய விட்டுவிட்டு நீங்கள் ஸ்ரேசனுக்கு வர வேண்டாம். இவர் விசாரித்து வந்து சேருவார்.

உங்கட
புனிதா