படத்தின் ஓரத்தில் ஒரு கை

மார்ச் 3

படக்காரிக்கு,

போன் வேண்டாம், எதுவானாலும் எழுது என்று சொல்லிவிட்டுப் போனாய். எழுதினால் சண்டை வராது என்பது உன் நம்பிக்கை. பார்க்கலாம்.

துரைக்கு உடம்பு சரியில்லை. நேற்றுக் காலை கூண்டைத் திறந்தேன், வெளியே வரவில்லை. மூலையில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வைத்த புல் வைத்தபடி இருந்தது. புழுக்கையே இல்லை. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான். பசி என்று நினைத்தேன். வலி என்றார் டாக்டரம்மா. குடல் நின்றுபோயிருக்கிறதாம். முயலுக்கு அது உயிர்போகிற விஷயமாம்.

"என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"பிஸ்கட்."

"எத்தன நாளா?"

நீ போன நாளிலிருந்து என்று சொல்ல வாய் வரவில்லை. கொஞ்ச நாளாக என்றேன். நீ போனபின் அவன் என் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. பிஸ்கட்டுக்குத்தான் வந்தான்.

தோலுக்கடியில் மருந்துநீர் ஏற்றியிருக்கிறார்கள். வலிக்கு ஒரு மருந்து, குடல் நகர ஒரு மருந்து. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மருத்துவமனை போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

லிஃப்ட்காரன்


மார்ச் 5

லிஃப்ட்காரனுக்கு,

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். உனக்குச் செய்யவில்லை.

ஒரு பெண்குரல் எடுத்தது. "இன்னும் தானா சாப்பிடல. ஆனா உங்க வீட்டுக்காரர் கூடவே இருந்து பாத்துக்கறார், கவலப்படாதீங்கம்மா" என்றது. கூடவே. அந்த வார்த்தையை உன்னோடு சேர்த்து நான் கேட்டதில்லை. எனக்குத் தெரியாத ஒருத்தி உன்னைப் பற்றி எனக்குச் சொல்கிறாள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

காய்ந்த புல்தான் அவனுக்குச் சாப்பாடு, மற்றதெல்லாம் விளையாட்டு என்று படித்துப் படித்துச் சொன்னேன். சுவரிடம் சொல்லியிருக்கலாம். லஞ்சம் கொடுத்துப் பிரியத்தை வாங்கினாய். அது அவன் வயிற்றில் போய் அடைத்துக்கொண்டது.

எனக்குத் தனி வீடு கிடைத்துவிட்டது. முயல் வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டுச் சொந்தக்காரர் ஒத்துக்கொண்டார். ஏப்ரல் முதல் தேதி சாவி. அவன் தேறியதும் வந்து எடுத்துக்கொண்டு போகிறேன். அதன் பிறகு நாம் எழுதிக்கொள்ள எதுவும் இருக்காது. உனக்கும் நிம்மதி.

அதுவரை அவனை உயிரோடு வைத்திரு. இதைக் கோபமாகப் படிக்காதே. கெஞ்சுகிறேன்.

படக்காரி


மார்ச் 8

படக்காரிக்கு,

உயிரோடு இருக்கிறான்.

புல்லைப் பொடித்துக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நேரே விட்டால் புரையேறிவிடும். அவன் மெல்லும்வரை காத்திருக்க வேண்டும். துண்டில் சுற்றிப் பிடித்தால்தான் நிற்கிறான். பாதி அவன் வாயில், பாதி என் சட்டையில். வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லியிருக்கிறேன். "முயலுக்கா லீவு கேக்கற?" என்றார் மேலாளர். ஆமாம் என்றேன். கொடுத்துவிட்டார். அவரிடமும் ஒரு நாய் இருக்கிறது.

பிறகு வயிற்றைத் தடவிக்கொடுக்க வேண்டும். அழுத்தாமல். லிஃப்ட் மோட்டாரில் காது வைத்துக் கேட்பேனே, அதேபோல் அவன் வயிற்றில் வைத்துக் கேட்கிறேன். ஒரு சத்தமும் இல்லை. நின்றுபோன இயந்திரத்தின் அமைதி எனக்குப் பழக்கமானது. ஆனால் இதைத் திருகிப் பார்க்க முடியாது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைக் கேட்டு வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு அதில் புகைதான் தெரிகிறது. எக்ஸ்ரே எடுப்பதுதானே உன் வேலை, நீ பார்த்துச் சொல்.

அவன் தேறினால் நீ எடுத்துப் போவாய். தெரிந்துதான் ஊட்டுகிறேன்.

லிஃப்ட்காரன்


மார்ச் 10

லிஃப்ட்காரனுக்கு,

வேலை முடிந்ததும் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினேன். கூட வேலை செய்கிறவள் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, யார் கொழந்த இது?" என்றாள். என் வீட்டுக்காரரின் முயல் என்றேன். என் முயல் என்று சொல்லியிருக்க வேண்டும்.

கறுப்பாகத் தெரிவதெல்லாம் காற்று. வயிறு முழுக்க. இரைப்பையில் பழைய தீனி களிமண்போல் உட்கார்ந்திருக்கிறது. அடைப்பு இல்லை, அது நல்லது. இவ்வளவையும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டேன்.

மற்ற நேரமெல்லாம் படத்தின் ஓரத்தைப் பார்த்தேன். அங்கே இரண்டு கைகள்.

ஒன்று உன்னுடையது. லிஃப்ட் கதவில் நசுங்கிக் கோணலாகச் சேர்ந்த சுண்டுவிரல். ஆயிரம் படங்களுக்கு நடுவே போட்டாலும் எடுத்துவிடுவேன். மோதிரம் வெள்ளையாகத் தெரிகிறது. கழற்றியிருப்பாய் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்று சின்னக் கை. மெல்லிய எலும்பு, நீண்ட விரல்கள், மோதிரம் இல்லை. பெண்ணின் கை. உன் விரல்களின் மேல் அந்த விரல்கள் படிந்திருக்கின்றன. எலும்பும் எலும்பும். இடையில் தோல் இருந்திருக்கும். அது படத்தில் வருவதில்லை.

போனில் பேசியவளா?

கதிர் விழும் இடத்தில் யாரும் கையை வைக்கக் கூடாது. ஈயக் கையுறையாவது கொடுத்திருக்க வேண்டும். இதைத் தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன். மேலே எழுதியதை அப்படிச் சொல்லவில்லை.

படக்காரி


மார்ச் 13

படக்காரிக்கு,

அந்தக் கை மருத்துவமனை உதவியாளருடையது. பேரன் பேத்தி எடுத்தவர். மீசை இருக்கிறது. போனில் பேசியது டாக்டரம்மா.

உன் சந்தேகத்தை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "என் பொண்டாட்டியே என்னப் பாத்து இவ்வளவு பொறாமப்பட்டதில்ல தம்பி. படத்த பத்திரமா வெச்சிருக்கச் சொல்லுங்க" என்றார். கையுறை விஷயத்தையும் சொன்னேன். அதற்கு மட்டும் முகம் சுருங்கியது. இனிமேல் போட்டுக்கொள்கிறேன் என்றார்.

சேதி இதுதான். இன்று துரை புழுக்கை போட்டான். மிளகைவிடச் சின்னது, ஒழுங்கில்லாத உருவம். தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போலிருந்தது. உதவியாளருக்குப் போன் செய்தேன். உனக்குச் செய்யக் கூடாதே.

உன் கடிதங்களைத் திரும்பப் படித்தேன். துரையின் பல், வயிறு, மூச்சு. என் சுண்டுவிரல்கூட எலும்பாகத்தான் வருகிறது. நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று ஒரு வரி கிடையாது. சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்க்கிறேன். சில சமயம் அவன்மேல் எரிச்சலாக வருகிறது. இத்தனை பேரைத் தன்னைப் பற்றி விசாரிக்கவைக்க அவன் செய்ததெல்லாம் சாப்பிடாமல் இருந்ததுதான்.

லிஃப்ட்காரன்


மார்ச் 15

லிஃப்ட்காரனுக்கு,

சரி. மீசைக்காரரை விட்டுவிடுகிறேன். அவர் கை என் தூக்கத்தைக் கெடுத்ததென்று சொல்லாதே, சந்தோஷப்படுவார்.

இப்போது படத்தில் உன் கை மட்டும் மிச்சம். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவன் விலாவின்கீழ் எவ்வளவு பதமாக வைத்திருக்கிறாய். விரல்கள் அகன்று, எதையும் இறுக்காமல். பிடிக்கத் தெரிந்தவர்களைத் தினமும் பார்க்கிறேன். குழந்தைகளைப் படமெடுக்கக் கொண்டுவரும் தாய்மார்களில்கூடப் பலருக்கு அப்படி வராது.

எனக்கு மஞ்சள் காமாலை வந்து கிடந்தபோது நீ கதவருகே நின்றாய். "எதாவது வேணுமா?" என்று கேட்டாய். ஒன்றும் வேண்டாம் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாய். கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தேன். கஞ்சியை நானே எழுந்து வைத்தேன். அப்போது இந்தக் கை எங்கே இருந்தது?

ஒரு முயலுக்கு இருக்கிறது. அவனுக்கு நல்லதுதான். நல்லது என்று எழுதுகிறேன், பேனா அழுத்தித் தாள் கிழிகிறது.

படக்காரி


மார்ச் 19

படக்காரிக்கு,

பதில் எழுத நாளாயிற்று.

வேண்டாம் என்று நீ சொன்னாய். நான் போனேன். அதற்கு மேல் நின்றிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது, நான் நின்றால் உனக்குத் தொல்லை என்று தோன்றியது. நான் பாத்திரம் கழுவினால் நீ மறுபடியும் கழுவுவாய். போர்வை மடித்தால் உதறி மடிப்பாய். "விடு, நீ செஞ்சா சரியா வராது" என்பாய். துரை அப்படிச் சொல்வதில்லை. துப்புகிறான், அவ்வளவுதான். மறுபடியும் நீட்டினால் வாங்கிக்கொள்கிறான்.

இன்னொன்று. வேலையிலிருந்து வந்ததும் நீ அவன் பக்கத்தில் தரையில் உட்காருவாய். அன்று யார் வந்தார்கள், எந்தக் கிழவர் மூச்சை அடக்கச் சொன்னதும் பாட ஆரம்பித்தார், எல்லாம் அவனிடம்தான் சொல்வாய். நான் சமையலறையில் குழாயை மூடிவிட்டு நின்று கேட்பேன். உன் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்படிக் கேட்டதுதான். நான் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவாய்.

யாருக்கு யார்மேல் பொறாமை என்று நீயே பார்த்துக்கொள்.

துரை தேறிவிட்டான். தானாகவே புல் தின்கிறான். மல்லித்தழையை நனைத்துக் கொடுத்தால் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். புழுக்கை பழைய அளவுக்கு வந்துவிட்டது. வயிற்றில் காது வைத்தால் உள்ளே ஓயாத சத்தம். டாக்டரம்மா, இனி எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்றார். மறைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

சாவி வாங்கியதும் வா.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 6

லிஃப்ட்காரனுக்கு,

பஸ்வரை நீயே கூண்டைத் தூக்கி வந்தாய். "பாத்துப் போ" என்றாய். யாரிடம் சொன்னாய் என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ கவலைப்படுவாய் என்பதால் முதலில் இதைச் சொல்கிறேன். துரை நன்றாக இருக்கிறான். வந்த அன்றே புல் தின்றான். அறைகளை மோந்து பார்த்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் இடம்பிடித்துக்கொண்டான். மாடி வீட்டுக்காரர் தினமும் தோட்டத்திலிருந்து கீரை பறித்துக் கொண்டுவருகிறார். அதையும் யோசிக்காமல் வாங்கிக்கொள்கிறான்.

உன்னைத் தேடவில்லை. ஒரு நாள்கூட.

தேடுவான் என்று நினைத்திருந்தேன். சாப்பிடாமல் கிடப்பான், என்னால் முடியாது என்று உனக்கு எழுதுவேன், நீ சிரிஞ்சோடு வந்து நிற்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு எரியும். இதெல்லாம் பஸ்ஸிலேயே யோசித்து முடித்துவிட்டேன். அவனுக்கு அப்படி எதுவும் இல்லை. என்னையும் அவன் தேடியிருக்க மாட்டான், இல்லையா? பிஸ்கட்டுக்காக ஒருவரிடம், கீரைக்காக ஒருவரிடம். நாம்தான் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம்.

நேற்று வேலையிலிருந்து வந்து வழக்கம்போல் தரையில் உட்கார்ந்தேன். சொல்ல ஆரம்பித்தேன். சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இந்த வீட்டில் அங்கே யாரும் நிற்பதில்லை. மேற்கொண்டு சொல்ல வரவில்லை.

எழுதிக்கொள்ள எதுவும் இருக்காது என்று சொன்னவள் நான். எழுதிவிட்டேன். பதில் போடுவதென்றால் அதில் முயல் வரக் கூடாது. நீ என்ன சாப்பிடுகிறாய்? தூங்குகிறாயா?

படக்காரி


ஏப்ரல் 9

படக்காரிக்கு,

சாப்பிடுகிறேன். பெரும்பாலும் ரொட்டி. தூக்கம் குறைவு. வீடு பெரிதாகிவிட்டது. ஒன்பது மாடிக் கட்டடத்தில் வேலை நடக்கிறது. உச்சியில், மோட்டார் அறையில் தனியாக உட்கார்ந்து மதியச் சாப்பாடு. என்னைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை, அதனால் இதற்கு மேல் வரவில்லை. நாலு தாளைக் கிழித்துவிட்டேன்.

கீரை கொண்டுவருகிறவருக்கு என்ன வயது? தினமுமா வருகிறார்? வாசலோடு போய்விடுவாரா, உள்ளே வருவாரா? மீசை உண்டா?

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. நான் வரட்டுமா? வேண்டாம் என்று எழுதினால் இந்த முறை இன்னொரு தடவை கேட்பேன்.

உன்
லிஃப்ட்காரன்