கரஸ் படிப்புக்கு ஒரு பேரம்

7 ஜூலை 2025

சௌமியா காலேஜை விட்டுவிட்டு வந்துவிட்டாள். பெட்டி, பக்கெட், தலையணை எல்லாம் ஆட்டோவிலிருந்து இறங்கிய பிறகுதான் எனக்கே தெரியும். இரண்டாம் வருஷம் இப்போதுதான் தொடங்கியது. இனி கரஸ்ஸில், வீட்டிலிருந்தபடியே, பி.காம். படித்துக்கொண்டு என் வாழை மண்டியில் உட்காரப் போகிறாளாம். பையன் விவகாரமா என்று கேட்டேன். சிரித்தாள். வகுப்பில் இருந்துகொண்டு இங்கே நம் வேலூர் வாழை ஏலத்தில் பூவன் தார் என்ன விலைக்குப் போனது என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதற்கு எதற்கு ஹாஸ்டல் என்கிறாள்.

8 ஜூலை

பஸ் ஸ்டாண்டில் கூடை சுமந்து பழம் விற்றவள் நான். அவள் அப்பா போன பிறகு தனியாக நின்று இந்த மண்டியை வைத்தேன். இவளும் தாருக்கு நடுவில் உட்காரவா இத்தனை பாடு? கேட்டவர்களிடம் லீவு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

11 ஜூலை

வரன் சொல்லியிருந்த சௌந்திரம் அக்கா வந்தாள். லீவு இல்லை என்பது எப்படியோ அவள் காதுக்குப் போயிருக்கிறது. "பாதில நின்ன புள்ளைன்னா மாப்ள ஊட்டுல யோசிப்பாங்க சாமி" என்றாள்.

யோசித்தேன். கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பக்கத்தில் பி.காம். என்று போடுகிறார்கள். எங்கே படித்தாள், எப்படிப் படித்தாள் என்று யார் போடுகிறார்கள்? அந்த எழுத்து சீக்கிரம் கிடைத்தால் போதும்.

14 ஜூலை

நாமக்கல்லில் கரஸ் அட்மிஷன் போட்டுத் தரும் அங்கமுத்துவைப் பார்த்தேன். எங்கோ வடக்கே இருக்கும் யுனிவர்சிட்டியாம், ஒன்றரை வருஷத்தில் டிகிரியாம்.

"பாப்பா வரவே வேண்டாங்கக்கா. பரீட்சைக்கும் நம்ம ஆளு ஒருத்தி இருக்குது."

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். எப்போது கையில் கிடைக்கும் என்றுதான் கேட்டேன். வாழைத் தோப்பைக் குத்தகைக்குப் பிடிக்கிற மாதிரி பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்து முடித்துவிட்டேன். காயைப் பார்க்காமல் எந்தத் தோப்பாவது பிடித்திருக்கிறேனா? இல்லை.

15 ஜூலை

சௌமியாவிடம் சொன்னேன். சத்தம் போடவில்லை. போனில் தேடினாள். கரஸ் நடத்த அனுமதி உள்ள பட்டியலிலேயே அந்த யுனிவர்சிட்டி இல்லை.

பிறகு சொன்னாள்: "எனக்குப் பதுலா இன்னொருத்தி பரீட்சை எழுதுவாள்னா, கல்யாணத்துக்கும் அவளையே மணையில உக்கார வெச்சுக்கம்மா."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

16 ஜூலை

அவள் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ச் சாப்பிட்டாள். ஏலத்தில் நினைப்பு எங்கேயோ போய், ரஸ்தாளித் தாரை விலை ஏற்றிக் கேட்டுத் தொலைத்தேன்.

17 ஜூலை

மறுபடி நாமக்கல். அட்வான்ஸைக் கேட்டேன். "குடுத்தது திரும்ப வருமுங்களா? நீங்களும் யாவாரிதானுங்களே" என்றான் அங்கமுத்து. நியாயம்தான். வேண்டாமென்று விட்ட தோப்புக்கு அட்வான்ஸை நானும் திருப்பிக் கேட்டதில்லை.

அதனால் கேட்பதை நிறுத்தினேன். அவன் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ராசிபுரத்திலிருந்து ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். "உம்பட பரீட்சையை எழுதப் போறது யாருன்னு கேட்டுக்கிட்டியா கண்ணு?" என்றேன். திரும்பிப் போய்விட்டார்கள். அடுத்து வந்த புருஷன் பெண்டாட்டியிடமும் அதையே கேட்டேன். அவர்களும் செருப்பைக் கழற்றவில்லை. மத்தியானத்துக்குள் அங்கமுத்துவே பணத்தைக் கொண்டுவந்து கையில் வைத்து, "எந்திரிச்சுப் போங்கக்கா, புண்ணியமாப் போகும்" என்றான்.

ஊட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். சௌமியா தட்டில் சோறு போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

20 ஜூலை

அனுமதி உள்ள அரசு யுனிவர்சிட்டி ஒன்றை அவளே பார்த்து விண்ணப்பித்துவிட்டாள். மூன்று வருஷம், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, பரீட்சைக்கு அவள்தான் போய் உட்காரணும். மீதியைப் பேசி முடித்தோம்.

காலை ஏலம் மட்டும் மண்டி, அதற்கு மேல் படிப்பு. பரீட்சை மாசம் மண்டிப் பக்கமே வரக்கூடாது. இவை என்னுடையவை, ஒத்துக்கொண்டாள். சம்பளம் பதினைந்தாயிரம் கேட்டாள், பன்னிரண்டில் முடிந்தது. படிப்பு முடியும் வரை மாப்பிள்ளைப் பேச்சு எடுக்கக்கூடாது என்றாள். ஒரு வருஷம் என்றேன், ஒன்றரை என்றேன், இரண்டு வரை ஏறிப் பார்த்தேன்.

மூன்று வருஷம். அதில் அவள் இறங்கவே இல்லை.